அரண்மனையில் ஓர் இரவு

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

அரண்மனை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழுவது பாட்டி சொன்ன கதைகளில் வரும் ராஜாவும் ராணியும்தான். அந்த அரண்மனையில் நாமும் ஒரு நாள் படுத்துறங்குவோம் என்று நம்மில் யாரும் கனவிலும் எண்ணியிருக்க மாட்டோம். நானும் எண்ணியதில்லை. ஆனால் சென்ற கோடை விடுமுறையில் ஓர் இரவு, ராஜஸ்தான் மாநிலத்தின் ஜோத்பூர் நகரில், பழைய அரண்மனை ஒன்றின் விருந்தினர் அறையில் நான் படுத்திருந்தேன். அந்த ஓர் இரவு என்னுள் எழுப்பிய கேள்விகளை நம் கல்லூரி மலரின் வாயிலாக ஆசிரியப் பெருமக்களிடமும் மாணவ நண்பர்களிடமும் வைக்க விரும்புகின்றேன்.

இதைப் பயணக் கட்டுரையாக நான் எழுத முற்படவில்லை. மன்னர்கள் வாழ்ந்த அரண்மனைகளை இன்று ஓட்டல்களாக மாற்றி வாடகைக்கு விடுகின்றார்கள். அது சரியா, தவறா? சரி என்றால் அங்கே எதை விற்கலாம், எதை விற்கலாகாது? இதுவே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

நான் அங்கே போன கதை

என் பெரியப்பா மகன் சமையற்கலையில் பட்டயம் பெற்றவர். ஜோத்பூரின் பழைய நகர்ப் பகுதியில் உள்ள ஓர் ஓட்டலில் சமையற்காரராக இருக்கின்றார். அந்த ஓட்டல், ஒரு காலத்தில் மார்வார் மன்னருக்குக் கீழிருந்த ஜாகிர்தார் ஒருவரின் நகர மாளிகை. சிறிய அரண்மனை என்றே சொல்லலாம். "லீவு விட்டதும் ஒரு தடவை வந்துட்டுப் போடா தம்பி, பாலைவனத்தைப் பார்க்க வேண்டாமா?" என்று அண்ணன் இரண்டு வருடங்களாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மன்னார்குடியில் புறப்பட்டு ஜோத்பூரை ஒட்டிய பகத் கி கோட்டி நிலையம் வரை வாரம் ஒருமுறை ஓடும் ரயில் இருக்கின்றது. அதில் ஏறி இரண்டு இரவுகள் கழித்து மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தேன்.

மே மாதத்தில் ஜோத்பூருக்குச் சுற்றுலாப் பயணிகள் அதிகம் வருவதில்லை. தார்ப் பாலைவனத்தின் வாயிலில் நிற்கும் ஊர் அது. பகலில் வெப்பம் 42, 43 டிகிரியை எட்டிவிடுகின்றது. ஓட்டலில் பாதிக்கு மேற்பட்ட அறைகள் காலியாகக் கிடந்தன. நான் அண்ணனோடும் மற்ற வேலையாட்களோடும் பின்கட்டில் உள்ள அறையில்தான் தங்கினேன். மூன்றாம் நாள் மாலை மேலாளர் என்னைப் பார்த்துவிட்டு அண்ணனிடம், "இவ்வளவு தூரம் வந்திருக்கிறான், அறை சும்மாதானே கிடக்கிறது. ஒரு ராத்திரி அதிலே படுத்துக்கொள்ளட்டும்" என்றார். நல்ல மனிதர். அவர் பெருந்தன்மையால்தான் இந்தக் கட்டுரையே பிறந்தது.

அந்த அறைக்குப் பனிக்காலத்தில் ஓர் இரவுக்கு வாங்கும் வாடகை எவ்வளவு என்று அண்ணனைக் கேட்டேன். அவர் சொன்ன தொகையை மனத்துக்குள் வகுத்துப் பார்த்தேன். கொத்தனாராக வேலை பார்க்கும் என் தந்தையின் பதினைந்து நாள் கூலி. நல்ல வேளை, நான் அங்கே படுத்தது மே மாதத்தில்!

சுவர் கற்பித்த பாடம்

அறைக்குள் நுழைந்தவுடன் என் கை தானாகச் சுவரைத் தொட்டது. கொத்தனார் மகனுக்கு அந்தப் பழக்கம் போகாது. பகல் முழுவதும் வெளியே நெருப்பாய்க் கொதித்த அந்தக் கல், உள்ளே மண்பானையைத் தொட்டதுபோல் இருந்தது. சுவரின் கனம் இரண்டடிக்குக் குறையாது. வெளிப்பக்கம் துளைத்துளையாகச் செதுக்கிய கல் சாளரம். சுட்டெரிக்கும் வெளிச்சத்தை அது தடுக்கின்றது. காற்றை உள்ளே விடுகின்றது. நடுவே வானம் பார்த்த முற்றம். இரவில் குளிர்ந்த காற்று முற்றத்தில் இறங்கி அறைகளுக்குள் பரவுகின்றது.

நம் வகுப்பில் வெப்பக் கடத்தல் பாடத்தில் ஆங்ஸ்ட்ராம் முறையும் ஃபோர்ப்ஸ் முறையும் படிக்கின்றோம். தேர்வுக்காக மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுகின்றோம். அன்று அந்தப் பாடம் என் முன் கல்லாக நின்றது. பகலின் வெப்பம் ஓர் அலையைப்போல் கல்லுக்குள் நகர்கின்றது. ஆழம் செல்லச் செல்ல அலையின் வீச்சு குறைகின்றது, காலமும் பின்தங்குகின்றது. ஊர் திரும்பியபின் கணக்கிட்டுப் பார்த்தேன். இரண்டடி மணற்கல் சுவரில் வெளியே உச்சி வெயிலின் சூடு உட்புறத்தை எட்ட ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகின்றது. அப்படி எட்டும்போதும் அதன் ஏற்ற இறக்கம் இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகின்றது. பிற்பகல் இரண்டு மணியின் சூடு, இரவு இரண்டு மணிக்கு, வெளியே குளிர்ந்த காற்று வீசும் நேரத்தில், முனை மழுங்கிய கத்திபோல் வந்து சேருகின்றது.

எந்தக் கல்லூரியிலும் படிக்காத கொத்தர்கள் இதைக் கண்டறிந்து கட்டியிருக்கின்றார்கள். என் தந்தை பிறருக்குக் கட்டுவது ஒன்பது அங்குலச் சுவர். எங்கள் வீட்டுக்கு அவரால் எழுப்ப முடிந்தது நாலரை அங்குலச் சுவர். சித்திரை மாதத்தில் எங்கள் வீட்டில் இரவு பத்து மணிக்குக்கூடச் சுவரில் சாய முடியாது. அறிவு இல்லாததால் அப்படிக் கட்டவில்லை. காசு இல்லாததால் கட்டினோம். இதை நினைத்தபடிதான் அந்தப் பெரிய கட்டிலில் உட்கார்ந்தேன்.

'ஹுகும்' என்ற சொல்

அப்போதுதான் அது நடந்தது. கதவைத் தட்டிவிட்டு ஒரு முதியவர் தண்ணீர்ச் செம்போடு உள்ளே வந்தார். எழுபது வயதுக்குக் குறையாது. தலையில் பெரிய தலைப்பாகை. விருந்தினர்களை வரவேற்பதற்கென்றே அந்த உடையில் அவரை வைத்திருந்தார்கள். முதல் மூன்று நாட்களும் பின்கட்டில் என்னோடு உட்கார்ந்து ரொட்டி தின்றவர், என்னை 'பேட்டா' என்று மகனைப்போல் அழைத்தவர் அவர். ஆனால் அன்று அந்த அறைக்குள் வந்ததும் குனிந்து வணங்கி, "தண்ணீர் வைக்கட்டுமா, ஹுகும்?" என்றார். 'ஹுகும்' என்பது அங்கே எசமானர்களை அழைக்கும் சொல். கட்டளை என்று பொருள்.

நான் பதறி எழுந்து நின்றேன் என்று எழுதினால் நீங்கள் என்னைப் பாராட்டுவீர்கள். ஆனால் அது பொய்யாகிவிடும். உண்மையைச் சொல்லுகின்றேன்: ஒரு கணம் அந்தச் சொல் எனக்கு இனித்தது. என்னை இதுவரை யாரும் அப்படி அழைத்ததில்லை. ரேஷன் கடையிலும் வங்கியிலும் பேருந்திலும் "யாருப்பா அது, தள்ளி நில்லு" என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவன் நான். என் பாட்டனார் வயதுள்ள ஒருவர் என் முன் குனிந்தபோது என் முதுகு சற்று நிமிர்ந்தது. அடுத்த கணமே வெட்கம் பிடுங்கித் தின்றது. செம்பை நானே வாங்கி வைத்துவிட்டு அவரை உட்காரச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "இந்த அறைக்குள் உட்காரக் கூடாது பேட்டா. மேலே மொட்டை மாடிக்கு வா, பேசலாம்" என்றார்.

அவரை அப்படி அழைக்கச் சொல்லியிருப்பது ஓட்டலின் முறை என்று அண்ணன் பிறகு விளக்கினார். விருந்தினர் கொடுக்கும் வாடகை அறைக்கு மட்டும் என்று நான் எண்ணியிருந்தேன். அந்தச் சொல்லுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கின்றது என்பதை அன்றுதான் அறிந்தேன். ஓர் இரவுக்கு நீ அரசன். இவர் உன் அடிமை. இந்த நாடகமும் சேர்த்தே விற்கப்படுகின்றது.

மலைமேல் எழுந்த மாளிகை

மறுநாள் அண்ணனுக்கு ஓய்வு. இருவரும் உமைத் பவன் அரண்மனையைப் பார்க்கப் போனோம். அதன் ஒரு பகுதியில் இன்றும் பழைய மன்னர் குடும்பத்தார் வாழ்கின்றார்கள். ஒரு பகுதி ஓட்டல். ஒரு பகுதி அருங்காட்சியகம். எங்களைப் போன்றவர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு நுழையக்கூடியது அந்த மூன்றாவது பகுதிக்குள்தான்.

சித்தர் என்னும் பாறைக் குன்றின்மேல் 1929ஆம் ஆண்டு நவம்பரில் மன்னர் உமைத் சிங் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1943இல் கட்டி முடித்தார்கள். வரைபடம் தந்தவர் ஹென்றி வான் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். மொத்தம் 347 அறைகள். நூறடிக்கு மேல் உயர்ந்த குவிமாடம். கற்களைக் கொண்டுவருவதற்கென்று தனி இருப்புப் பாதையே போட்டார்கள். சுண்ணாம்புச் சாந்து பூசி ஒட்டாமல், ஒரு கல்லின் முகப்பில் மற்றொரு கல் பொருந்திப் பூட்டிக்கொள்ளுமாறு செதுக்கி அடுக்கியிருக்கின்றார்கள். இரண்டு கற்களின் இடுக்கில் நகத்தை வைத்துப் பார்த்தேன், நகம் நுழையவில்லை. என் தந்தை அங்கே இருந்திருந்தால் ஒரு மணி நேரம் அந்தச் சுவரின் முன் நின்றிருப்பார்.

இத்தனை பெரிய மாளிகையை ஏன் கட்டினார்கள்? 1920களின் இறுதியில் மார்வாரில் மழை பொய்த்தது. அந்த மண்ணுக்குப் பஞ்சம் புதிதன்று. விக்கிரம ஆண்டு 1956இல், அதாவது 1899–1900இல், வந்த கொடும் பஞ்சத்தை இன்றும் 'சப்பனியா' என்று, ஐம்பத்தாறு என்ற அந்த ஆண்டின் பெயராலேயே அழைக்கின்றார்கள். மறுபடியும் அப்படி ஒரு நிலை வரும்போது மக்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பதற்காகவே அரண்மனையைக் கட்டத் தொடங்கியதாகச் சொல்லுகின்றார்கள். இரண்டாயிரம், மூவாயிரம் பேர் நாள்தோறும் அங்கே உழைத்திருக்கின்றார்கள். மன்னரோ, கட்டி முடிந்தபின் நான்கே ஆண்டுகளில், 1947இல் மறைந்தார். அதே ஆண்டில் நாடு விடுதலை பெற்றது. 1949இல் ஜோத்பூர் அரசு ராஜஸ்தானோடு இணைந்தது. 1971இல் அரசியல் சட்டத்தின் 26ஆவது திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்தது. 1970களின் இறுதியில் அரண்மனையில் ஓட்டல் வந்தது.

'பஞ்ச காலத்தில் 347 அறைகளா!' என்று என் உள்ளம் கொதித்தது. வேலை கொடுப்பதுதான் நோக்கம் என்றால் ஏரி வெட்டியிருக்கலாமே? அணை கட்டியிருக்கலாமே? கல் சுமந்தவன் வயிற்றுக்குச் சோறு போட்டு, அவன் கையாலேயே தனக்கு மாளிகை கட்டிக்கொள்வது எந்த நீதி? இப்படியெல்லாம் கேட்டு ஒரு சூடான கட்டுரை எழுதிவிட வேண்டும் என்று குன்றிலிருந்து இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

முதியவர் சொன்னது

அன்றிரவு மொட்டை மாடியில் வேலையாட்கள் எல்லாரும் பாயை விரித்துப் படுத்தோம். தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு அந்த முதியவரும் வந்தார். என் கொதிப்பை அண்ணன் இந்தியில் அவருக்கு எடுத்துச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "என் தகப்பனார் பன்னிரண்டு வயதில் அந்த மலைமேல் கல் சுமக்கப் போனார். ஊரில் மாடெல்லாம் செத்துவிட்டது. அந்தக் கூலி இல்லையென்றால் அவர் இல்லை. அவர் இல்லையென்றால் நான் இல்லை. அரண்மனையைத் திட்டாதே."

என் வாய் அடைத்துப் போயிற்று. சற்று நேரம் கழித்து, "அரண்மனை கட்டி முடிந்தபின் உங்கள் தகப்பனார் உள்ளே போய்ப் பார்த்தாரா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "கட்டும்போது எல்லா அறைக்குள்ளும் போனார். கட்டி முடிந்தபின் வாசல் வரைக்கும் போனார்."

"நீங்கள்?"

"நான் போயிருக்கிறேன். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, டிக்கெட் வாங்கிக்கொண்டு."

நண்பர்களே, இந்த மூன்று விடைகளிலும் நான் எழுத நினைத்த கட்டுரை உடைந்து போயிற்று. எழுத வேண்டிய கட்டுரை பிறந்தது.

சரியா, தவறா?

முதலாவது, பஞ்சகால வேலையை நாம் எளிதாக இகழ்ந்துவிட முடியாது. லக்னோ நகரின் பெரிய இமாம்பாராவும் 1784ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது நவாப் ஆசபுத்தௌலா தொடங்கிய வேலைதான். நம் சென்னையில் 1877–78இல் தாது வருடப் பஞ்சத்தின்போது பசித்த மக்களைக் கொண்டு வெட்டியதே பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி. என் தாய் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த நூறு நாள் வேலைக்குப் போய் ஏரியில் மண் சுமந்தவர். அந்தக் கூலியில் நான் பள்ளிச் சீருடை வாங்கியிருக்கின்றேன். வேலை கொடுத்த கையை முழுதும் பழிக்க என்னால் முடியவில்லை.

ஆனால் ஏரிக்கும் அரண்மனைக்கும் வேறுபாடு உண்டு. ஏரியில் மண் சுமந்தவள் அந்த ஏரித் தண்ணீரைக் குடிக்கின்றாள். அரண்மனைக்குக் கல் சுமந்தவன் வாசலோடு நின்றுவிடுகின்றான். இதே உமைத் சிங் காலத்தில் 1946இல் தொடங்கி 1957இல் முடிந்த ஜவாய் அணையும் இருக்கின்றது. பல ஆண்டுகள் ஜோத்பூர் நகருக்குக் குடிநீர் தந்த அணை அது. அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து எத்தனை பேர் வருகின்றார்கள்? அழகு அரண்மனையில் இருக்கின்றது. ஆனால் உயிர் அணையில் இருக்கின்றது என்பதை மறந்துவிடலாகாது.

இரண்டாவது, அரண்மனையை ஓட்டலாக்குவது இழிவு என்று நான் கருதவில்லை. என் விடுதித் தோழர் ஒருவர், "எல்லா அரண்மனைகளையும் பறிமுதல் செய்து பள்ளிக்கூடமாக்க வேண்டும்" என்று வாதிட்டார். கேட்பதற்கு இனிமையான வாதம். ஆனால் பழைய கட்டடம் என்பது வயதான யானை. தீனி போட முடியாதவன் கையில் அது நிற்காது. பராமரிப்பில்லாத எத்தனை பழைய கட்டடங்களின் சுவர்களில் ஆலங்கன்று முளைத்து நிற்பதை நாமே நம் ஊர்களில் காண்கின்றோம்! 1957இலேயே ஜெய்ப்பூரின் ராம்பாக் அரண்மனை ஓட்டலாயிற்று. 1963இல் உதய்ப்பூரின் ஏரி அரண்மனை ஓட்டலாயிற்று. அதனால் அந்தக் கட்டடங்கள் நிலைத்தன. கல் செதுக்குபவனுக்கும் சமைப்பவனுக்கும் வேலை கிடைத்தது. என் அண்ணன் மாதந்தோறும் ஊருக்கு அனுப்பும் பணம் அப்படிப்பட்ட ஓர் அடுப்பிலிருந்துதான் வருகின்றது. தகப்பனார் வாசலில் நின்ற இடத்துக்குள் மகன் சீட்டு வாங்கிக்கொண்டு போக முடிந்தது, மன்னராட்சி போனதால்தான்.

ஆகவே அறையை விற்கட்டும். சமையலை விற்கட்டும். கல்லின் அழகையும் சாளரத்தின் குளிர்ச்சியையும் விற்கட்டும். ஆனால் 'ஹுகும்' என்ற சொல்லை விற்கக் கூடாது. ஒரு மனிதன் மற்றொரு மனிதன் முன் குனிந்து நிற்பதை வாடகையோடு சேர்த்து விற்கும் உரிமை யாருக்கும் இல்லை. விருந்தோம்பல் வேறு, அடிமைத்தனம் வேறு. எங்கள் வீட்டுக்கு விருந்தினர் வந்தால் என் தாய் இருப்பதிலேயே நல்ல தட்டில்தான் சோறு போடுவார். ஆனால் விருந்தினர் முன் உட்காரக் கூடாது என்று யாரும் அவருக்கு விதி போட்டதில்லை.

இதில் விற்பவரை மட்டும் குற்றம் சாட்டிப் பயனில்லை. வாங்குபவன் நாவில் அது இனிக்கின்றது; அதனால்தான் விற்கின்றார்கள். ஒரு கொத்தனார் மகனுக்கே ஒரு கணம் அது இனித்தது என்றால், மற்றவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல? மன்னர் மானியத்தைச் சட்டம் ஒழித்துவிட்டது. மன்னனாக வேண்டும் என்று நம் நெஞ்சின் மூலையில் உறங்கும் ஆசையை எந்தச் சட்டம் ஒழிக்கும்? அது நாம் ஒவ்வொருவரும் நமக்கு நாமே செய்துகொள்ள வேண்டிய திருத்தம்.

என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டு நிறுத்துவது மாணவனுக்கு அழகன்று. எனக்குத் தோன்றிய மூன்று கருத்துகளைக் கூறுகின்றேன்.

ஒன்று: கட்டியவனின் கதையையும் சொல்ல வேண்டும். ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டை 1459இல் ராவ் ஜோதா தொடங்கியது. அதன் அடித்தளத்தில் ராஜாராம் மேக்வால் என்பவரை உயிரோடு புதைத்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர் தாமே விரும்பி முன்வந்தார் என்றும் சொல்லுகின்றார்கள். தாழ்த்தப்பட்டவனின் விருப்பத்தை அரண்மனை எழுதி வைத்திருந்தால் நாம் சற்று நின்றுதான் அதைப் படிக்க வேண்டும். ஆயினும் அவர் பெயர் தாங்கிய நினைவுக் கல் கோட்டையில் இருக்கின்றது. உமைத் பவனில் கட்டடக் கலைஞரின் பெயரைப் படித்தேன். மன்னரின் பெயரைப் படித்தேன். நான் பார்த்த மட்டில், கல் சுமந்தவர் ஒருவரின் பெயரும் என் கண்ணில் படவில்லை. நம் கால்வாயும் அப்படித்தானே? பக்கிங்காம் என்பது அன்றைய ஆளுநரின் பெயர். மண் சுமந்தவன் பெயர் எங்கே?

இரண்டு: கோடையில் அறைகள் காலியாகத்தான் கிடக்கின்றன. அந்த மாதங்களில் அந்தந்த ஊர் மாணவர்களை அழைத்து வந்து, இந்தச் சுவர் ஏன் குளிர்ந்திருக்கின்றது, இந்தக் கல் எப்படிப் பூட்டிக்கொண்டது என்று காட்டலாமே! இதற்குப் பெரிய செலவில்லை. நான் ஓர் இரவில் கற்ற இயற்பியலை நூறு பிள்ளைகள் ஒரு பகலில் கற்பார்கள்.

மூன்று: அரண்மனைக்குக் காட்டும் அக்கறையை நீர்நிலைக்கும் காட்ட வேண்டும். ஜோத்பூரின் பழைய நகரில் 'தூர்ஜி கா ஜால்ரா' என்று ஒரு படிக்கிணறு உண்டு. ஜால்ரா என்றதும் நம் ஊரில் அரசியல்வாதியின் பின்னால் தட்டுவதை நினைத்துவிடாதீர்கள். அங்கே ஆழமான படிக்கிணற்றுக்கு அப்படிப் பெயர். 1740களில் மன்னர் அபய் சிங்கின் துணைவியார் வெட்டுவித்தது. நெடுங்காலம் பாழ்பட்டுக் கிடந்த அதை அண்மை ஆண்டுகளில் தூர்வாரிச் சீர்ப்படுத்தியிருக்கின்றார்கள். மாலை நேரத்தில் அங்கே போனேன். மேல்படியில் வெளிநாட்டுப் பயணி படம் பிடிக்கின்றார். கீழ்ப்படியிலிருந்து அந்தத் தெருப் பையன் தண்ணீரில் குதிக்கின்றான். யாரும் யாரையும் ஹுகும் என்று அழைக்கவில்லை. கல் அதே கல்தான். அந்நகரின் அதே செந்நிற மணற்கல். ஆனால் அரண்மனைக்கு வாசல் உண்டு, காவலாளி உண்டு. கிணற்றுக்கு எல்லாப் பக்கமும் படிதான். பழமையைக் காப்பது என்றால் இப்படிக் காக்க வேண்டும்.

முடிவுரை

ஊர் திரும்பியதும் என் தந்தை, "அரண்மனையெல்லாம் எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டார். நகம் நுழையாத கல் இணைப்பைப் பற்றிச் சொன்னேன். சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார். "சாந்தே இல்லாமலா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "கட்டினவன் பெரிய ஆளுடா" என்றார். அவர் சொன்னது மன்னரை அல்ல.

அந்த மரியாதைதான் அரண்மனைகளுக்கு நாம் செலுத்த வேண்டிய மரியாதை என்பது என் கருத்து. வரும் ஆண்டுகளில் நம்மில் சிலர் வேலைக்குப் போய்ச் சம்பாதித்து, உண்மையாகவே வாடகை கொடுத்து, அப்படிப்பட்ட ஓர் அரண்மனையில் தங்கக்கூடும். தங்குங்கள், தவறில்லை. கட்டிலில் நன்றாகப் படுத்துறங்குங்கள். ஆனால் தண்ணீர்ச் செம்போடு முதியவர் ஒருவர் உள்ளே வரும்போது எழுந்து நில்லுங்கள். நான் ஒரு கணம் தாமதித்தேன். நீங்கள் தாமதிக்க வேண்டாம்.